டொக்டரிடம் சொல்லாத கீரை

என் மனைவியின் நெஞ்சுக்குள் ஒரு சத்தம் கேட்கும். பழைய கைக்கடிகாரத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தால் கேட்பது போன்ற சத்தம். இரண்டு வருடங்களுக்கு முன்னர் அவளுடைய இருதயத்தில் பழுதாகிப்போன வால்வை எடுத்துவிட்டு உலோகத்தால் செய்த ஒன்றை வைத்தார்கள். அது திறந்து மூடுகிற சத்தம்தான். எங்கள் வீடு வெள்ளவத்தையில் இரண்டாம் மாடியில் இருக்கிறது. ஒரு பக்கம் காலி வீதி, மற்றப் பக்கம் ரயில் பாதை. பகலில் அந்தச் சத்தம் கேட்காது. சாப்பிடும்போது மட்டும் கேட்கும். ஏனென்றால் நாங்கள் சாப்பிடும்போது பேசுவதில்லை.

அந்த ஒழுங்கு நான் கொண்டுவந்தது.

சத்திரசிகிச்சை நடந்த அன்று ஆறு மணித்தியாலத்துக்கு மேல் ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றேன். மற்றவர்களுடைய சொந்தக்காரர்கள் ஒருவருக்கொருவர் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது வராது. ஒருகொடவத்தையில் கன்டெய்னர் யார்ட் ஒன்றின் வாசலில் லொறிகளுக்குச் சீட்டு எழுதுகிற வேலை எனக்கு. கண்ணாடித் துவாரத்தின் வழியாகச் சீட்டை வாங்கி, முத்திரை குத்தி, திருப்பிக் கொடுத்தால் போதும். இருபது வருடமாக அந்த வேலையில் நான் சந்தோஷமாக இருப்பதற்குக் காரணமே யாரோடும் கதைக்கத் தேவையில்லை என்பதுதான். அன்றைக்கும் சுவரைப் பார்த்தபடி நின்று மனதுக்குள் ஒரு நேர்த்தி வைத்தேன். இவள் உயிரோடு வந்தால் எங்கள் வீட்டுச் சாப்பாடும் நடப்பும் கடைசிவரைக்கும் சாத்வீகமாக இருக்கும். மச்ச மாமிசம், முட்டை, வெங்காயம், உள்ளி ஒன்றும் வீட்டுக்குள் வராது, சாப்பிடும்போது பேச்சும் இருக்காது.

அவள் வந்தாள். வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள்தான் நேர்த்தியைப் பற்றிச் சொன்னேன்.

"நேர்த்தி வைச்சது நீங்கள், அதைத் தின்னுறது நானோ?" என்று கேட்டாள்.

பிறகு, "சரி, எனக்காகத்தானே வைச்சனீங்கள்," என்றாள். அவளுக்கு விளமீன் என்றால் உயிர். அதையும் விட்டாள்.

பாரம் தூக்கக்கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்ததால் சமையல் என் கைக்கு வந்தது. பிறகு என் கையிலேயே நின்றுவிட்டது. விடிய நாலரைக்கு எழும்புவேன். குளித்து, திருநீறு பூசி, சாமிப் படங்களுக்கு விளக்கு வைத்து, ஒரு தேவாரம் படித்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவேன். படைப்பதற்கு முன்னர் எதையும் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. மிச்சம் வைத்துச் சாப்பிடுவதும் இல்லை. இரவுச் சாப்பாடு ஏழு மணிக்குள் முடிந்துவிடும்.

"உப்புப் பாக்காமல் சமைக்கிற ஒரே ஆள் முழுக் கொழும்பிலையும் நீங்கள்தான்," என்பாள். "சாமிக்கும் உப்புக் காணாது, எனக்கும் காணாது."

முதல் வருடம் விலக்கவேண்டியவற்றை விலக்கியதோடு சரி. இரண்டாம் வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் ஒருவர் உணவைப் பற்றிப் பேச வந்தார். பின்வரிசையில் இருந்து கேட்பேன். புதிதாகப் பறித்தது, பச்சையாக இருப்பது, உயிர்ச்சத்துள்ளது. இவைதான் சாத்வீகத்தின் உச்சம் என்று அவர் சொன்னார். எனக்கு அது பிடித்துக்கொண்டது. வெள்ளவத்தைச் சந்தையில் கீரை விற்கிற அம்மா நான் வரும் நேரத்துக்கு எனக்கென்று கட்டுகளை எடுத்து வைக்கத் தொடங்கினார். காலையில் வல்லாரை அல்லது முருங்கை இலை போட்ட இலைக்கஞ்சி. மத்தியானம் தேங்காய்ப்பூப் போட்ட பொன்னாங்காணி வறை, வல்லாரைச் சம்பல். சில நாள் அகத்தி. என் மனைவியின் கோப்பையில் சோற்றைவிடப் பச்சைதான் கூடுதலாக இருக்கும்.

"என்னை ஆடெண்டு நினைச்சிட்டீங்கள் போலை," என்பாள். "நாளையிலையிருந்து பல்கனியிலை கட்டிவிடுங்கோ. குழையை மேலை கொழுவினால் சரி."

ஆனால் சாப்பிடுவாள்.

அவளுக்கு ஒரு குளிசை உண்டு. நெஞ்சுக்குள் உலோகம் இருப்பதால் அதில் இரத்தம் கட்டிப்போகாமல் இருக்க, இரத்தத்தைத் தண்ணியாக வைத்திருக்கிற குளிசை. உயிருள்ளவரை நிறுத்தக்கூடாது. மாதம் ஒருமுறை கிளினிக்கில் விரலில் குத்திப் பார்ப்பார்கள். ஓர் எண் வரும். இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்கவேண்டும். குறைந்தால் கட்டி உண்டாகும், மூளைக்குப் போனால் கையும் காலும் போய்விடும், உயிரும் போகலாம். கூடினால் இரத்தம் நிற்காமல் ஓடும். அந்த ஒரு எண்ணுக்குள்தான் நாங்கள் இரண்டு பேரும் சீவித்தோம்.

இந்த வருடம் அந்த எண் இறங்கத் தொடங்கியது. ஒரு மாதம் ஒன்று தசம் ஒன்பது. குளிசையைக் கூட்டினார்கள். அடுத்த மாதம் ஒன்று தசம் ஏழு. கிளினிக் டொக்டர் வயதான சிங்களவர். எங்களோடு தெரிந்த அளவு தமிழில் கதைக்க முயற்சி செய்வார்.

"குளிசை மறந்ததா?"

"இல்லை டொக்டர்," என்றாள் மனைவி.

"சாப்பாடு மாத்தினதா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"இல்லை டொக்டர்," என்றாள் அவளும்.

அவர் மீண்டும் குளிசையைக் கூட்டி எழுதினார். வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் மீன் விட்டதைச் சொல்லுவமெண்டு பாத்தன். ஏன் தலையாட்டினீங்கள்?"

"அது சாமி விசயம். டொக்டருக்கு என்னத்துக்கு? நாங்கள் கூடாததை விட்டதுதானே. புதுசா ஒண்டும் சேக்கேல்லையே."

உண்மையில் அப்படித்தான் நினைத்தேன். நேர்த்தி என்றால் விலக்குவது. எதை விலக்கினோம் என்ற கணக்கு என் மனதில் சரியாக இருந்தது. கீரையை ஒரு மாற்றமாக நான் எண்ணவே இல்லை. அதைச் சாப்பாட்டில் சேர்த்ததாகத் தோன்றவில்லை. சுத்தத்தைக் கூட்டியதாகத்தான் தோன்றியது.

ஆனால் அது முழுக் காரணம் அல்ல. மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாம் தடவையும் கூட்டிய பிறகு எண் இரண்டு தசம் ஏழுக்கு வந்தது. தொடக்கத்தில் குடித்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு குளிசை இப்போது குடித்துக்கொண்டிருந்தாள். எண் சரியாகிவிட்டது என்று இருவரும் நிம்மதியாக இருந்தோம்.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. நான் வருடாவருடம் பிடிக்கிற விரதம். ஆறு நாளும் பின்னேரம் கோயிலுக்குப் போய்வந்து பாலும் பழமும் மட்டும். இந்த முறை அவளும் பிடிக்கப்போவதாகச் சொன்னாள்.

"செத்துப் பிழைச்சு ரெண்டு வருசம். முருகனுக்கு நானும் ஒருக்கா நன்றி சொல்லத்தானே வேணும். எல்லாத்தையும் நீங்களே சொல்லிக்கொண்டிருந்தா நான் எப்ப சொல்லுறது?"

தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. இரண்டு வருடமாக நான் இழுக்க அவள் வந்தாள். முதல் தடவையாகத் தானாக வந்தாள். "குளிசையை மட்டும் பாலோடை போடும்," என்றேன். அவ்வளவுதான் நான் யோசித்தது.

நாலாம் நாள் அவளுடைய இடது கையில் உள்ளங்கை அளவு கறுப்பு இருந்தது. கோயிலில் சனத்துக்குள் இடிபட்டது என்றாள். அந்த நாள்களில் நாங்கள் வழமையைவிடக் குறைவாகவே பேசினோம். விரத காலத்தில் மௌனம் நல்லது என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஐந்தாம் நாள் பல் தீட்டும்போது பல் முரசிலிருந்து இரத்தம் வந்திருக்கிறது. அதை அவள் எனக்குச் சொல்லவில்லை. பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டாள்.

ஆறாம் நாள் விடிய நான் குளித்துவிட்டு விளக்கு வைத்துத் தேவாரம் படித்து முடித்தேன். குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தேன். முகம் கழுவும் பேசினைப் பிடித்தபடி குனிந்து நின்றாள். மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக அல்ல, நூல் போல ஓடிக்கொண்டிருந்தது. தோளில் கிடந்த வெள்ளைத் துவாய் பாதி சிவப்பு.

"எவ்வளவு நேரமா?"

"நீங்கள் குளிச்சு வந்ததிலையிருந்து."

"ஏன் கூப்பிடேல்லை?"

"தேவாரம் படிச்சுக்கொண்டிருந்தீங்கள்."

குளியலறை வாசலில் கதிரையில் இருத்தி மூக்கை அழுத்திப் பிடித்தேன். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஐஸ் எடுத்து நெற்றியில் வைத்தேன். பத்து நிமிடம். கையை எடுத்ததும் மறுபடி ஓடியது. இன்னும் பத்து நிமிடம். இப்போது தொண்டைக்குள்ளும் இறங்குகிறது என்று துப்பினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவம்," என்றேன். என் குரலில் பலம் இல்லை. அவள் அதைக் கண்டுகொண்டாள்.

"பின்னேரம் சூரன்போர். நாளைக்கு விடியப் பாறணை. அதுக்குப் பிறகு போவம். இப்ப போனா அங்கை பிஸ்கற்றும் தேத்தண்ணியும் தருவினம். ஆறு நாளும் வீணாப் போகும்."

அந்த இடத்தில் நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. நான் யோசித்தேன். ஒரு நாள்தானே மிச்சம், அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும் என்று யோசித்தேன். என் கைவிரல்களுக்கிடையால் அவளுடைய இரத்தம் வழிந்துகொண்டிருந்தபோது இரண்டு மூன்று நிமிடம் அப்படியே நின்றேன்.

குளியலறை வாளி என் காலில் பட்டு உருண்ட சத்தம் கேட்டு எதிர்வீட்டு அக்கா வந்தார். முஸ்லிம் குடும்பம், கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர். கதவு பூட்டாமல் இருந்ததால் நேரே உள்ளே வந்தவர் பேசினைப் பார்த்து வாயைப் பொத்தினார்.

"அல்லாவே! என்ன தம்பி இது, இவ்வளவு ரெத்தம் ஓடுது, நீங்க பாத்துக்கிட்டு ஈக்கிறீங்க?"

"சூரன்போர் முடியட்டும் அக்கா," என்றாள் மனைவி துவாய்க்குள்ளால்.

"சூரன் சண்டையப் பொறவு பாக்கலாம். மொதல்ல உங்கட சண்டைய முடிங்க. தம்பி, சேட்டப் போடுங்க. நான் ஓட்டோவுக்குச் சொல்றேன்."

அவர் போனைக் காதில் வைத்தார். அப்போது மனைவி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "இஞ்சாருங்கோ, எனக்குத் தலை இடிக்குது. ராத்திரியிலையிருந்து."

கிளினிக்கில் தந்த சிறு புத்தகத்தில் அது இருந்தது. எண் கூடி, தலையும் இடித்தால், மூளைக்குள் இரத்தம் கசிகிறதா என்று உடனே பார்க்கவேண்டும். அதை நான் பலமுறை வாசித்திருக்கிறேன்.

காலி வீதி அந்த நேரத்திலேயே நிறைந்திருந்தது. கொள்ளுப்பிட்டியில் அலுவலகம் போகிறவர்களின் வாகனங்கள் அசையவில்லை. அக்கா முன்னுக்குக் குனிந்து ஓட்டோக்காரரோடு சிங்களத்தில் சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். நான் மனைவியின் தலையை நெஞ்சோடு பிடித்திருந்தேன். "நித்திரை கொள்ளாதையும், கதையும்," என்றேன். "ரெண்டு வருசமா வாயை மூடச் சொன்னவர் இப்ப கதைக்கச் சொல்லுறார், அக்கா," என்று அவள் சொன்னாள். சிரித்தாளா என்று துவாய்க்குள் தெரியவில்லை.

அவசரப் பிரிவில் ஓர் இளம் பெண் டொக்டர். சிங்களத்தில்தான் கேட்டார். விரலில் குத்தினார்கள். இயந்திரம் எண்ணைக் காட்டவில்லை. எட்டுக்கு மேலே போனால் அது காட்டாதாம். டொக்டர் அந்த இயந்திரத்தைத் தாதியிடம் நீட்டி மெதுவாக ஏதோ சொன்னார். தாதி நடக்கவில்லை, ஓடினார்.

மனைவியின் மூக்குக்குள் பஞ்சு அடைத்திருந்தார்கள். தொண்டைக்குள் இறங்கிய இரத்தத்தைத் துப்பிக்கொண்டிருந்ததால் அவளால் பேசமுடியவில்லை. ஆகவே டொக்டர் என் பக்கம் திரும்பினார். குளிசை கூடக் கொடுத்தீர்களா? இல்லை. வேறு மருந்து? இல்லை. ஆயுர்வேதம்? இல்லை.

"சாப்பாட்டில் ஏதாவது மாற்றம்?"

பஞ்சுக்கு மேலே மனைவியின் இரண்டு கண்களும் என்னைப் பார்த்தன.

"இருக்கு, டொக்டர்," என்றேன்.

என் சிங்களம் லொறிச் சாரதிகளோடு கதைக்கிற சிங்களம். முழு வசனமாக வராது. ஆனாலும் சொன்னேன். நேர்த்தியைச் சொன்னேன். மீனும் இறைச்சியும் விட்டதைச் சொன்னேன். டொக்டர் எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பதிலாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். வல்லாரையைக் கொட்டுகொல என்றேன், பொன்னாங்காணியை முகுனுவென்ன, முருங்கை இலையை முருங்கா கொல. அவர் பேனையை எடுத்தார். எவ்வளவு? இரண்டு கைகளையும் சேர்த்துக் காட்டினேன். வாரத்தில் எத்தனை நாள்? ஏழு நாளும். காலையும் மத்தியானமும். எப்போதிலிருந்து? தை மாதம் என்பதை ஜனவரி என்றேன்.

"இந்தக் கிழமையும் அப்படியா?"

"இந்தக் கிழமை ஒன்றும் இல்லை. விரதம். ஆறு நாள் பாலும் பழமும் மட்டும்."

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல. ஒரு குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். இலைகளில் உள்ள ஒரு சத்து இந்தக் குளிசைக்கு எதிரி. நிறைய இலை சாப்பிட்டால் குளிசை வேலை செய்யாது. அதனால்தான் எண் இறங்கியது, அதனால்தான் கூட்டிக் கூட்டிக் கொடுத்தார்கள். இப்போது இலை திடீரென்று நின்றுவிட்டது. கூட்டிய குளிசை மட்டும் நிற்கிறது. "கீரை கூடாதது இல்லை. சொல்லாததுதான் கூடாது," என்றார்.

அந்த இலைச் சத்தையே மருந்தாக மிகச் சிறிய அளவில் வாயில் கொடுத்தார்கள். கூடக் கொடுத்தால் வால்வில் கட்டிப்போகுமாம். இரத்தத்தை உறையச் செய்கிற மஞ்சள் நிறப் பிளாஸ்மாப் பை ஒன்றைக் கையில் ஏற்றினார்கள். பிறகு தலையை ஸ்கேன் எடுக்க உருட்டிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது.

நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அக்கா கன்டீனுக்குப் போய் ஒரு பணிஸும் தேத்தண்ணீரும் கொண்டுவந்து கையில் திணித்தார். பசித்ததா என்று தெரியவில்லை, கடித்தேன். பாதி தின்ற பிறகுதான் தெரிந்தது, அது சீனிச் சம்பல் பணிஸ். உள்ளே முழுக்க வெங்காயம், மாசிக் கருவாடு. விரதத்தின் ஆறாம் நாள். துப்பவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மிச்சத்தையும் தின்றேன். கதவைப் பார்த்துக்கொண்டே தின்றேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து டொக்டர் வந்து, மூளைக்குள் கசிவு இல்லை என்றார். எனக்குக் கேட்டது, விளங்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் விளங்கியது.

பின்னேரம் வார்டில் படுக்கை கொடுத்தார்கள். கோயிலில் சூரனை விழுத்துகிற நேரம். மூக்கில் பஞ்சு இருந்தாலும் தொண்டைக்குள் இரத்தம் இறங்குவது நின்று அவளால் பேச முடிந்தது. அப்போது நான் அந்த மிச்சத்தைச் சொன்னேன்.

"கிளினிக்கிலை நான் தலையாட்டினது தெரியாமலெண்டு மட்டும் நினையாதையும். சொன்னா டொக்டர் மீன் சாப்பிடச் சொல்லிடுவாரெண்டு பயந்தனான். நேர்த்தி முறிஞ்சு போகுமெண்டு."

அவள் பை சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ரை உயிருக்குத்தானே அந்த நேர்த்தி," என்றாள் கடைசியில். "பிறகு எப்ப அது உங்கடை ஆச்சுது?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிய எண் நாலரை. அதற்கடுத்த நாள் விடிய தாதி வந்து குத்தியபோது நான் தண்ணீர்ப் போத்தலை நிரப்பப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது தாதி போய்விட்டார்.

"எவ்வளவாம்?"

அவள் தலைமயிரைக் கோதிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவெண்டு சொல்லுமப்பா."

"இருங்கோ. கொஞ்ச நேரம் நீங்களும் தெரியாமல் இருங்கோ."

இருந்தேன். பக்கத்துக் கட்டில்காரி தன் மகளோடு போனில் சண்டை பிடித்து முடிக்கும்வரைக்கும் இருந்தேன். அதன் பிறகுதான் "மூண்டு," என்றாள். "மூண்டு தசம் ஒண்டு. டொக்டர் இப்ப வருவா. இனி நான் என்ன சாப்பிடுறதெண்டு நான் கதைக்கிறன். நீங்கள் பக்கத்திலை நில்லுங்கோ."

டொக்டர் வந்தார். மனைவி கட்டிலில் நிமிர்ந்திருந்து, தெரிந்த சிங்களமும் தெரிந்த இங்கிலிஷும் கலந்து எல்லாவற்றையும் கேட்டாள். மரக்கறிச் சாப்பாடு தொடரலாமா? தொடரலாம். கீரை? ஒவ்வொரு நாளும் ஒரே அளவு, ஒரு சிறிய கோப்பை, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். விரதம்? வேண்டாம். மீன் சாப்பிட ஆசை வந்தால்? சாப்பிடலாம், ஆனால் பட்டென்று எதையும் மாற்றாமல், கிளினிக்கில் சொல்லிவிட்டு. அந்த இடத்தில் அவள் என்னைப் பார்க்கவில்லை. தான் வீட்டில் சாப்பிடுகிறவற்றைக் காலையிலிருந்து இரவுவரை வரிசையாகச் சொன்னாள். டொக்டர் அட்டையில் குறித்துக்கொண்டே வந்தார்.

அவள் ஒன்றை விட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் நான் காலையில் இலைக்கஞ்சி காய்ச்சுவதில்லை. சாமிக்குப் படைக்கச் சர்க்கரைப் பொங்கல் பொங்குவேன். அன்றைக்கு அவளுக்குக் காலையில் இலை இல்லை.

டொக்டர் அட்டையை மூடி அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார். அவருக்குப் பின்னால் நாலைந்து மாணவர்களும் தாதியும் நின்றார்கள். எல்லோரும் நகரத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் கூட நான் செய்யாத ஒன்றைச் செய்தேன். கையை உயர்த்தினேன்.

"டொக்டர், இன்னொன்று இருக்கு," என்றேன். "வெள்ளிக்கிழமை."

அவர் திரும்பி வந்து அட்டையைத் திறந்தார்.